இரும்பைக் கேளாத காது

1992 நவம்பர் 16ஆம் திகதி, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹொக்ஸன் என்ற கிராமத்து வயலொன்றில் எரிக் லாஸ் என்பவர் ஒரு சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தார். வயலைக் குத்தகைக்கு உழுத பீட்டர் வாட்லிங் அதை எங்கேயோ தவறவிட்டிருந்தார். லாஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். ஓய்வுபெற்றபோது பரிசாகக் கிடைத்த மெட்டல் டிடெக்டரைக் கொண்டு நண்பருக்கு உதவப் போனவருக்கு அகப்பட்டது ரோமர் ஆட்சியின் கடைசிக் காலத்துச் செல்வம்: 569 பொற்காசுகள், 14,000க்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள், ஏறத்தாழ 200 பொன், வெள்ளிப் பொருட்கள். அவற்றில் மிகப் பிந்திய காசு கி.பி. 407, 408ஐச் சேர்ந்தது. லாஸ் கொஞ்சம் தோண்டியதும் நிறுத்திக்கொண்டு அறிவித்துவிட்டார். அடுத்த நாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள். அதனால்தான் மரப்பெட்டிக்குள் எது எந்த அடுக்கில் இருந்தது என்பது வரை இன்று தெரியும். சுத்தியலும் கிடைத்தது. புதையலோடு சேர்ந்து அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது.

அந்தப் பொருட்களுக்குள் ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவில் செய்த வெள்ளிச் சிமிழ் ஒன்று உண்டு. அடித்தட்டைத் திருப்பினால் துளைகள் திறந்து மிளகுத்தூள் கொட்டும். ரோமர் சாப்பாட்டில் போட்ட மிளகு சேரநாட்டுக் கரையில் ஏற்றப்பட்ட மிளகு. அதற்கு அவர்கள் கொடுத்த பொன்னில் ஒரு பிடி, 501 காசுகள், 1898இல் புதுக்கோட்டையில் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. மிளகுக்காகத் தமிழ்நாட்டுக்குப் போன காசும் மிளகை வைத்திருந்த சிமிழும் லண்டனில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமை வரும். அது வேறு கதை.

ஹொக்ஸன் கதையை இங்கிலாந்தில் அதிர்ஷ்டத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது லாஸ் தேடிய பொருள். சுத்தியல் இரும்பு. டிடெக்டரோடு வயலில் இறங்குகிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் முதலில் செய்கிற வேலை, இரும்பின் சத்தம் காதுக்கு வராமல் அடைப்பது. அதற்கென்றே கருவியில் ஒரு குமிழ் இருக்கிறது. டிஸ்கிரிமினேஷன் என்று அதன் கீழ் எழுதியிருக்கும். ஐம்பது ஆண்டுகளாக இங்கிலாந்து மண்ணிலிருந்து எது வெளியே வரவேண்டும், எது உள்ளேயே கிடக்கவேண்டும் என்று தீர்மானித்து வந்திருப்பது அந்தக் குமிழ்தான். அருங்காட்சியகங்களும் அரசாங்கமும் அதற்குப் பிறகுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் தொழில் பழகியவன். கிழக்கு இங்கிலாந்துக்கு வந்தபிறகு டிவி, சலவை இயந்திரம் என்று திருத்திப் பிழைத்தேன். வயலுக்குள் இறங்கியது வயது போன பிறகுதான். எனக்கு முதலில் ஆசை வந்தது பழங்காசில் அல்ல, கருவியின் வயிற்றுக்குள் இருக்கிற மின்சுற்றில். ஆகவே கருவியின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1879இல் லண்டனில் டேவிட் ஹியூஸ் என்ற பேராசிரியர் ஒரு மின்தராசு செய்தார். கரி மைக்ரோஃபோனைக் கண்டுபிடித்தவர்களில் இவரும் ஒருவர். தராசில் தட்டுக்குப் பதிலாக இரண்டு சோடிக் கம்பிச் சுருள்கள், முள்ளுக்குப் பதிலாகக் காதில் வைக்கிற ஒரு டெலிபோன் கேட்பான். இரண்டு பக்கமும் ஒரேமாதிரிக் காசு வைத்தால் காதில் அமைதி. ஒரு பக்கம் நல்ல ஷில்லிங்கும் மறுபக்கம் கள்ளக்காசும் வைத்தால் இரையும். உரசிப் பார்க்காமலே, உருக்காமலே உலோகத்தைப் பிரித்தறிகிற வித்தை. அரச நாணயசாலையின் வேதியியலாளர் சான்ட்லர் ராபர்ட்ஸ் அதை வாங்கிச் செம்பு, வெள்ளீயக் கலவைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இன்றைய குமிழுக்கு ஹியூஸின் தராசு பூட்டன் முறை. பூட்டன் காலத்தில் எல்லா உலோகத்துக்கும் மதிப்பு இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அதேமாதிரித் தராசு ஒன்று அமெரிக்காவில் அவமானப்பட்டது. 1881 ஜூலை 2ஆம் திகதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். குண்டு உடம்புக்குள் எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தன் தராசைத் தூக்கிக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். ஜூலை 26இலும் ஆகஸ்ட் 1இலும் சோதித்தார். இரைச்சல் கேட்டது. ஆனால் ஒரு புள்ளியில் கேட்காமல் ஒரு பரப்பு முழுவதும் கேட்டது. நோயாளி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் உருக்குக் கம்பிகள் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்குத் தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கம்தான் என்று பிடிவாதமாக அந்தப் பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இடப்பக்கம் கிடந்தது. செப்டம்பர் 19இல் கார்ஃபீல்ட் இறந்தார். இரும்பு இருக்கிற இடத்தில் ஈயத்தைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பழைய ஆணிகள் சிதறிக் கிடக்கிற ரோமப் பண்ணைவீட்டு நிலத்தில் நிற்கிறவனுக்குப் பெல்லின் நிலை நன்றாகப் புரியும்.

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் கெர்ஹார்ட் ஃபிஷர் 1930களில் தூக்கிச் செல்லக்கூடிய கருவி ஒன்றைச் செய்து 1937இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் போர். ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையின் பொறியியலாளர் யோசெஃப் கொசாட்ஸ்கி செய்த கண்ணிவெடிக் கருவி 1942 அக்டோபரில் எல் அலமைன் பாலைவனத்தில் இறங்கியது. எடை 14 கிலோவுக்குக் கிட்ட. அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை, பிரிட்டிஷ் படைக்குச் சும்மா கொடுத்துவிட்டார். அந்தக் கருவியில் பிரித்தறிகிற குமிழ் கிடையாது. கண்ணிவெடி தேடுகிறவனுக்கு வேண்டாத உலோகம் என்று ஒன்று இல்லை.

போர் முடிந்ததும் மிஞ்சிய கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் கடற்கரைக்கும் பாழடைந்த ஊர்களுக்கும் கிளம்பினார்கள். 1965இல் அமெரிக்க அரசு பத்து சதத்திலிருந்தும் இருபத்தைந்து சதத்திலிருந்தும் வெள்ளியை எடுத்துவிட்டது. அதற்குமுன் மண்ணில் விழுந்த சில்லறை எல்லாம் திடீரென்று தேடத்தக்க வெள்ளி ஆயிற்று.

குமிழ் பிறந்ததற்கு இந்த வெள்ளி ஒரு காரணம் என்றால், பியர் டின் இன்னொரு காரணம். ஓஹாயோ மாநிலத்து எர்மல் ஃப்ரேஸ், டின்னோடு சேர்ந்தே வருகிற இழுப்பு வளையத்தைக் கண்டுபிடித்தார். 1960களின் தொடக்கத்தில் அது கடைக்கு வந்தது. டின் திறப்பான் தேடவேண்டாம், வளையத்தில் விரலைக் கொடுத்து இழுத்து எறிந்துவிட்டுக் குடிக்கலாம். அமெரிக்கா முழுவதும் இழுத்தது, எறிந்தது. டின்னோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிற மூடி 1975இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் புதைந்த அலுமினிய வளையங்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றும் டிடெக்டரில் காசைப்போலவே பாடும். குனிந்து குனிந்து முதுகு முறிந்த மனிதர்கள் கேட்டது ஒன்றுதான்: தோண்டுவதற்கு முன்பே இது குப்பை என்று சொல்கிற கருவி. 1970களில் அது கிடைத்தது. அந்த மின்சுற்றுகளை உருவாக்கியவர்களில் ஜார்ஜ் பேய்ன் என்ற பொறியியலாளரின் பெயரைத் தொழில் தெரிந்தவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள்.

தத்துவம் எளிது. சுருளில் மின்னோட்டம் வினாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறுகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் ஒரு சுழல் ஓட்டம் எழுந்து பதில் அனுப்புகிறது. பதில் உடனே வராது, சற்றுப் பிந்தி வரும். தடித்த வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறபடியால் அவற்றின் பதில் அதிகம் பிந்தும். சிகரெட் பெட்டியின் மினுங்கல் தாள் சொற்பமே பிந்தும். இரும்புக்குக் காந்தக் குணமும் இருக்கிறபடியால் அதன் பதில் தனிவிதம். இந்தப் பிந்தலை அளந்து வரிசை போட்டால் இரும்பு அடியில், பிறகு மினுங்கல் தாள், அதற்கு மேல் டின் வளையம், பிறகு வெண்கலம், செம்பு, உச்சியில் பெரிய வெள்ளிக்காசு. குமிழைத் திருப்பி ஒரு கோடு போடுகிறீர்கள். கோட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் ஊமை.

பொன் எங்கே இருக்கிறது என்பதை எந்த விற்பனையாளரும் வாடிக்கையாளர் கேட்குமுன் சொல்வதில்லை. மெல்லிய தங்கச் சங்கிலி மினுங்கல் தாளோடு நிற்கிறது. கல்யாண மோதிரம் டின் வளையத்தோடு நிற்கிறது. அமெரிக்கரின் ஐந்து சத நிக்கலும் அதே இடம். கருவிக்கு உலோகத்தின் பெயர் தெரியாது. கடத்துதிறனும் கனமும் வடிவமும் சேர்ந்த ஒரு தாமதம்தான் அதற்குத் தெரியும். சுளகில் புடைக்கும்போது உமியோடு சேர்ந்து நல்ல குறுணலும் பறப்பதுபோல, வளையத்தை ஒதுக்கினால் மோதிரமும் போய்விடும். 1980களில் வரிசையின் நடுவில் ஒரு துண்டை மட்டும் ஊமையாக்குகிற வசதி வந்தது. பிறகு திரையில் எண் காட்டுகிற கருவிகள் வந்தன. மோதிரமும் வளையமும் இன்றைக்கும் ஒரே எண்ணில்தான் நிற்கின்றன. என் மனைவியின் கணிப்பில், இத்தனை செலவழித்து வாங்கிய கருவிக்குத் தங்கத்தையும் டின் மூடியையும் பிரிக்கத் தெரியாதென்றால் அதற்கு மூளை இல்லை. நான் பதில் சொல்லவில்லை.

அமெரிக்கப் பூங்காவுக்காகச் செய்த இந்தக் குமிழ் இங்கிலாந்து உழவு வயலுக்கு வந்தபோது வேறு ஒரு வேலை செய்தது. இங்கே டின் வளையம் பெரிய தொல்லை அல்ல. இரண்டாயிரம் வருடக் குதிரை லாடம், வேலி ஆணி, கலப்பைத் துண்டு, சங்கிலிக் கண்ணி, இவைதான் தொல்லை. ஆகவே எல்லோரும் இரும்பை அடைத்தார்கள். அடைத்ததோடு நிற்காமல், நிம்மதிக்காக இன்னும் கொஞ்சம் திருப்பி மினுங்கல் தாளையும் அடைத்தார்கள்.

அந்தக் கொஞ்சத்தில் என்ன போயிற்று என்று சொல்கிறேன். 1279இல் முதலாம் எட்வர்ட் வட்டமான கால் பென்னி அடிக்கும்வரை இங்கிலாந்தில் சில்லறைக்குப் பஞ்சம். வெள்ளிப் பென்னி ஒன்றுதான் வழக்கம். அரைப் பென்னி வேண்டுமென்றால் காசைப் பாதியாக வெட்டுவார்கள், கால் வேண்டுமென்றால் நாலாக. காசின் பின்புறத்துச் சிலுவை வெட்டுக்கு வழிகாட்டும். முழுப் பென்னியே ஒன்றரைக் கிராமுக்குக் கிட்ட. அதில் நாலில் ஒரு துண்டு என்றால் நகக்கண் அளவு வெள்ளித் தகடு. டிடெக்டருக்கு அது சிகரெட் தாள். பணக்காரர் புதைத்த குடங்களில் பெரும்பாலும் முழுக் காசுகளே இருக்கும். ரொட்டிக்கும் பியருக்கும் மாறின வெட்டுத் துண்டுகள், சந்தை வழியில் விழுந்து தனித்தனியாகக் கிடக்கின்றன. ஏழையின் வியாபாரத்தைக் காட்டுகிற காசு அதுதான். குமிழைத் தாழ்த்தி நடக்கத் தெரிந்தவர்கள் வந்த பிறகே அவை பெருவாரியாக வெளிவந்தன. நான் கண்டெடுத்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது அப்படியொரு கால் துண்டு. கடையில் கொடுத்தால் ஒரு நல்ல மதியச் சாப்பாட்டுக்குக் காணாது.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. புதிதாக உழுத வயலில் இறங்கினால் நான் குமிழைப் பூச்சியத்தில் வைத்து ஒரு வரி நடப்பேன். நிலத்தில் என்ன கிடக்கிறது என்று முதலில் முழுவதையும் கேட்கவேண்டும். ஆணி நெருக்கமாகக் கேட்டால் அது பெரும்பாலும் கட்டடம் நின்ற இடம். அங்கே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள், காசும் விழுந்திருக்கும். புதியவர்கள் அந்த இடத்தில் குமிழை ஏற்றிக் காதை ஆற்றிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அங்கே குமிழை ஏற்றுவதுதான் நட்டம். சுருள் ஆணியைக் கடக்கும்போது கருவி ஊமையாகிறது, மறுபடி வாய் திறக்கக் கண்சிமிட்டும் நேரம் எடுக்கிறது. அந்த நேரத்துக்குள் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கிற காசைச் சுருள் தாண்டிவிடும். சின்னச் சுருள், மெதுவான வீச்சு, சீக்கிரம் மீள்கிற கருவி, மிகக் குறைந்த விலக்கு, இந்த நான்கும் வேண்டும். இரும்பின் உறுமலுக்கு நடுவில் ஒரு சின்ன உயர்ந்த சத்தம் வரும், ஒருமுறை வந்து மறுமுறை வராது. அதைத் தோண்டவேண்டும்.

நீராவி இயந்திரம் ஏர் இழுத்த வயல்களில் கரிக்கட்டி கிடக்கும். உலோகமே அல்லாத அதுவும் சின்ன வெள்ளிபோல ஒலிக்கும். அங்கே குமிழைச் சற்று ஏற்றத்தான் வேண்டும், வேறு வழியில்லை. நகரத்துத் தோட்டக் கழிவை உரமாக்கிக் கொட்டிய வயல்கள் இன்னும் மோசம். உரத்தோடு அரைபட்ட டின்களும் சேர்ந்து வந்துவிடுகின்றன. பத்து அடிக்குள் நூறு அலுமினியச் சிதறல். அந்த நிலம் டிடெக்டருக்குச் செத்த நிலம். ஆயிரம் வருடம் பேசிக்கொண்டிருந்த மண்ணின் வாயை மலிவு உரத்தால் கட்டிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வரும்.

கடற்கரையில் ஈரமான உப்பு மணலே மின்சாரம் கடத்தும், தாளைப்போலவே பதில் சொல்லும். ஒற்றை அலைவரிசைக் கருவி அலைவாய்க்கரையில் ஓயாமல் புலம்பும். அதை அடக்கக் குமிழை ஏற்றினால் மெல்லிய சங்கிலி போய்விடும். 1960களில் ஆக்ஸ்ஃபோர்டின் தொல்லியல் ஆய்வுக்கூடத்தில் சோதித்த துடிப்புமுறைக் கருவி இதற்கு நல்ல தீர்வு. உப்பை அது பொருட்படுத்தாது. ஆனால் அதில் இரும்பையும் பொன்னையும் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது, கேட்டதெல்லாம் தோண்டவேண்டும். ஒரே நேரத்தில் பல அலைவரிசை அனுப்புகிற கருவிகள் 1990களில் வந்து கடற்கரைக்காரரைக் காப்பாற்றின. இரும்புக் கல் நிறைந்த ஆஸ்திரேலியச் செம்மண்ணில் தங்கம் தேடுவதற்காக அடிலெய்டில் புரூஸ் கேண்டி செய்த வேலைகளுக்கு இதில் பெரிய பங்குண்டு.

இத்தனையும் காசு தேடுகிறவரின் கணக்கு. போர்க்களம் தேடுகிறவருக்கு இதே குமிழ் வரலாற்றையே திருப்பிவிட்டது. 1983இல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹோர்ன் களத்தில் புல் தீப்பிடித்து எரிந்தது. அடுத்த வருடம் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் பொழுதுபோக்கு டிடெக்டர்காரர்களை வரிசையாக நிறுத்தி அந்த நிலத்தை அளந்தார்கள். ஒலித்த இடமெல்லாம் ஒரு கொடி. தோட்டாக் கோதுகளில் துப்பாக்கி ஊசி பதித்த தடங்களை ஒப்பிட்டு, 1876இல் நடந்த போரில் ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது. அதுவரை, அங்கே மாண்ட அமெரிக்கப் படைத் தளபதி கஸ்டரின் புகழ்பாடிகள் சொன்னதே சரித்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு மண்ணும் சாட்சி சொல்லத் தொடங்கியது.

இங்கிலாந்திலும் அதே முறை வந்தது. மூன்றாம் ரிச்சர்ட் மாண்ட பாஸ்வொர்த் போர் 1485இல் எங்கே நடந்தது என்பதற்கு ஆம்பியன் குன்று என்று எழுதிப் பார்வையாளர் நிலையமும் கட்டிவிட்டார்கள். கிளென் ஃபோர்டின் குழு வருடக்கணக்காக வயல்களை டிடெக்டரால் சீவியபோது, குன்றிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தென்மேற்கில் ஈயப் பீரங்கிக் குண்டுகள் கிடைத்தன, முப்பதுக்கு மேல். ரிச்சர்டின் சின்னமான பன்றியின் உருவில் செய்த, பொன்முலாம் பூசிய வெள்ளிச் சின்னமும் அங்கேதான் கிடைத்தது. களம் இடம் மாறியது.

இதில் கவனியுங்கள், சாட்சி சொன்னது ஈயமும் வெள்ளியும். பாஸ்வொர்த்தில் அம்புகளும் பறந்தன. அம்புமுனை இரும்பு. 1640களின் உள்நாட்டுப் போர்க் களங்களைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம் அங்கே ஈயக் குண்டு சிதறியது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் களங்கள் வாய் மூடிக் கிடப்பதற்கு இரும்பு துருப்பிடிப்பது ஒரு காரணம், இரும்பை ஒதுக்கிவிட்டு நடந்த இரண்டு தலைமுறை டிடெக்டர்காரர்கள் இன்னொரு காரணம். 1461இல் போர் நடந்த டௌட்டனில், இரும்பையும் கேட்டுத் தேடியவர்களுக்கே அம்புமுனைகள் கிடைத்தன. மற்ற எத்தனை வயல்களில் அம்புகளுக்கு மேலேயே நடந்து போயிருக்கிறோம்!

டிடெக்டர்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. சட்டத்துக்கும் இதே காது. பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் புதையல் என்றால் பொன் அல்லது வெள்ளி, அதுவும் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்துவைத்தது. 1939இல் சட்டன் ஹூவில் கிடைத்த கப்பல் கல்லறைச் செல்வம்கூட, யாரும் திரும்ப எடுப்பதற்காக வைக்கவில்லை என்ற காரணத்தால் நிலத்துக்காரி ஈடித் பிரெட்டிக்கே சொந்தமென்று தீர்ப்பாயிற்று. அந்த அம்மா அதை அப்படியே நாட்டுக்குக் கொடுத்தார். எல்லோரும் அவரைப்போல இல்லை. 1980களில் சரே மாவட்டத்து வான்பரோ கோயில் நிலத்தை இரவோடிரவாகக் கிண்டி ஆயிரக்கணக்கான காசுகளைக் கொண்டு போனார்கள். அதற்குச் சற்று முன்பு, 1980இல், தொல்லியலாளர்கள் டிடெக்டர்களுக்கு எதிராக நாடளாவிய இயக்கமே நடத்தினார்கள். இரண்டு பகுதியும் முகம் பார்த்துக் கதைக்காத காலம் அது. நோர்ஃபோக்கில் டோனி கிரெகரி போன்ற சில தொல்லியலாளர் மட்டும் டிடெக்டர்காரர்களின் கழகக் கூட்டங்களுக்குப் போய், மேசையில் கொட்டியதைப் பார்த்து, பதிந்து, திருப்பிக் கொடுத்தார்கள். நோர்ஃபோக் வயல்களின் வரலாறு இன்று இவ்வளவு நிறைந்திருப்பது அந்தப் பொறுமையால்.

1996இன் புதையல் சட்டம் 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. புதையல் அல்லாதவற்றையும் விருப்பத்தோடு பதிவு செய்கிற திட்டமும் அதே வருடம் தொடங்கியது. இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சட்டத்தின் குமிழ் பெரும்பாலும் பொன்னிலும் வெள்ளியிலுமே நின்றது. 2010இல் கம்ப்ரியாவில் கிராஸ்பி காரெட் என்ற இடத்தில் முகமூடியோடு கூடிய ரோமத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. வெண்கலம் என்றபடியால் அது புதையல் அல்ல. ஏலத்தில் 22 லட்சம் பவுணுக்கு மேல் போய்த் தனியார் கைக்குச் சென்றது. அந்தக் குறையைத் திருத்த 2023 ஜூலை வரை ஆயிற்று. இப்போது 200 வருடத்துக்கு மேற்பட்ட, தனிச்சிறப்பு வாய்ந்த உலோகப் பொருள் எதுவானாலும் புதையலாகலாம், இரும்பு உட்பட.

இரும்பை ஒருபோதும் ஒதுக்காத இடமும் எனக்குத் தெரியும். இலங்கையின் வடக்கில், முகமாலையில், போர்க்காலத்தில் பல வருடம் முன்னரங்கு இருந்தது. அங்கே மண்ணில் விதைத்த வெடிகளில் சில பெரும்பாலும் பிளாஸ்டிக். உள்ளே இருக்கிற உலோகம் சொற்பம். என் தமக்கையின் மகள் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். என் வயல் கருவியைப் பற்றி போனில் அளந்தபோது சிரித்தாள். "மாமா, எங்கட மெசினில உந்தத் திருகே இல்லை. சத்தம் வந்தா ஆணியோ வெடியோ, இருந்து கிண்டத்தான் வேணும். பின்னேரம் பாத்தா வாளி முழுக்க சன்னக் கோதும் முள்ளுக்கம்பியும்தான்." வெயிலில், தலைக்கவசமும் மார்புக்கவசமும் மாட்டி, முழங்காலில் இருந்து அரை அடி அரை அடியாக முன்னேறுகிற பெண்கள் அவர்கள். அவர்களில் பலருக்குப் போரில் கணவன்மார் போய்விட்டார்கள். அவள் சொன்ன பிறகு நான் கழகத்தில் யாராவது ஆணி அதிகம் என்று முறைப்பட்டால் வாய் திறப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் டிடெக்டர் வாங்கவேண்டாம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமதியான புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவித்தே ஆகவேண்டும். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். வடக்கில் அதைவிடப் பெரிய காரணமும் மண்ணுக்குள் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள் கருவியைக் கொண்டு போகாதீர்கள். வயலின் ஒரு மூலையிலாவது குமிழைப் பூச்சியத்தில் வைத்து எல்லாவற்றையும் தோண்டி, எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துருக்கட்டியைத் தட்டி உடைக்கவோ வேலி ஓரம் எறியவோ வேண்டாம். அதற்குள் அம்புமுனையா, பூட்டா, வெறும் ஆணியா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். அந்தந்த மாவட்டத்தில் கண்டெடுப்புகளைப் பதிகிற அலுவலர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசு கேட்கமாட்டார்.